புது ஸ்போர்ட்ஸ் கார், ஆறு கியர் மனுவல்: குளிரில 2 விழுகுதில்லை, சூடானால் 3 கரகரக்குது

ஸ்காபரோ_கூப்பே:
வணக்கம். கன காலமா வாசிச்சுக்கொண்டு மட்டும்தான் இருந்தனான், இப்ப எழுத வேண்டி வந்திட்டுது. போன சம்மர் முடியிற நேரம் புதுசா ஒரு ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் எடுத்தனான், முன்னுக்கு எஞ்சின், பின்சில்லு ட்ரைவ், ஆறு கியர் மனுவல். என்ன கொம்பனி, எந்த டீலர் எண்டு எழுதேல்லை, அலுவல் இன்னும் முடியேல்லை, பேரைப் போட்டிட்டு பிறகு அவையளோட இழுபட எனக்கு ஏலாது. மனுவல் எனக்குப் புதுசில்லை, ஊரில ஹையேஸ் வான் ஓடினனான், இங்க வந்தும் பழைய சிவிக் ஒண்டு மனுவல்தான் வச்சிருந்தனான், அதால "உங்களுக்கு ஓடத் தெரியாது" எண்ட பதிலை தயவுசெய்து விட்டிடுங்கோ, அதை டீலரே சொல்லிப்போட்டார்.

விசயம் இதுதான். காலமை மைனஸ் 12, 15 எண்டு இருக்கேக்க 1இல இருந்து 2 போகுதில்லை, லீவர் பாதியில நிண்டிடும், அமத்தினால் கரகர எண்டு கேக்கும். கொஞ்ச நேரம் ஓடி சூடான பிறகு அது சரி, ஆனா அதுக்குப் பிறகு வேற கூத்து. எஞ்சினை 6,500 ஆர்பிஎம்முக்கு (நிமிசத்துக்கு எஞ்சின் சுத்திற சுத்து) மேல ஏத்தி 2இல இருந்து 3 போட்டால் சில நேரம் கரகரப்பு, சில நேரம் உள்ளுக்கே விடாது, நியூட்ரலில நிண்டு எஞ்சின் கத்தும். மூண்டாவது, 401 ஹைவேயில நெரிசலில ஊர்ந்து வந்து இறங்கின பிறகு லைற்றில நிண்டால் 1 விழாது. கிளச்சை திரும்ப ரெண்டு தரம் மிதிச்சால் விழும். பின்னால நிக்கிறவன் ஹோர்ன் அடிப்பான், அது வேற.

டீலரிட்ட கொண்டு போனன். சேர்விஸ் அட்வைசர் பார்க்கிங் லொட்டுக்குள்ள ஒரு சுத்து சுத்திப்போட்டு "எல்லாக் காரும் இப்பிடித்தான்" எண்டு பேப்பரில எழுதித் தந்திட்டார். ஓடினது 4,000 கிலோமீட்டர் கூட இல்லை. ஆருக்காவது உப்பிடி இருந்ததோ? என்ன செய்தனீங்கள்?

ரெட்லைன்_ராசா:
ப்ரோ, முதல் விஷயம், நீங்க சொன்னது ஒரு பிரச்சனை இல்ல, மூணு. குளிர்ல 2 விழாதது ஒண்ணு, ஃபுல் ஆர்பிஎம்ல 3 விழாதது ஒண்ணு, நின்னுக்கிட்டு இருக்கும்போது 1 விழாதது ஒண்ணு. மூணையும் சேத்து "கியர் சரியா விழல"ன்னு டீலர்கிட்ட சொன்னா அவன் அதுல இருக்குறதுலயே லேசானத, அதாவது குளிர் விஷயத்த மட்டும் எடுத்துக்கிட்டு நார்மல்னு எழுதி முடிச்சுடுவான், உங்களுக்கு நடந்ததும் அதான். தனித்தனியா எழுதிக் குடுங்க, வெளிய எத்தனை டிகிரி, கார் எவ்வளவு நேரம் ஓடிச்சு, எந்த கியர்ல இருந்து எந்த கியர், எத்தனை ஆர்பிஎம்.

அப்புறம் சிரிக்காதீங்க, ஃப்ளோர் மேட் பாத்தீங்களா? குளிர்காலத்துக்குன்னு தடியா ரப்பர் மேட் ஒண்ண பழைய மேட் மேலயே போட்டு வச்சிருந்தா கிளச் பெடல் கடைசி ஒரு சென்டிமீட்டர் போகாது. அந்த ஒரு சென்டிமீட்டர்லதான் கிளச் முழுசா விடும்.

சும்மா_ஒரு_ஆளு:
இதுக்குத்தான் ஆட்டோமேட்டிக் வாங்கணும்ங்கறது. காபி குடிச்சுக்கிட்டே ஓட்டலாம்

ரெட்லைன்_ராசா:
@சும்மா_ஒரு_ஆளு ஒவ்வொரு மனுவல் இழையிலயும் வந்து இத சொல்லிட்டுப் போறீங்க, உங்களுக்கு யாரு சம்பளம் குடுக்குறா

கியர்பாக்ஸ்_ஐயா:
தம்பி வணக்கமுங்க. கோயமுத்தூர்ல பல வருசம் லாரி கியர்பாக்ஸ் பிரிச்சுக் கோத்தவன் நான், இப்ப பையன் கூட பிராம்ப்டன்ல இருக்கேன். டீலரு சொன்ன "எல்லாக் காரும் இப்படித்தான்"ல பாதி நெசம், பாதி சோம்பேறித்தனம். எது எந்தப் பாதின்னு பிரிக்கோணும்னா உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சிருக்கோணும்.

லீவரைத் தள்ளும்போது கியரு நகர்றதில்லீங்க. முன்னாடி போற கியரெல்லாம் எப்பவும் சோடி சோடியா கோத்துக்கிட்டேதான் சுத்துது. நகர்றது ஸ்லீவுங்கற உறை. அது கியரோட பக்கவாட்டுல இருக்குற சின்னப் பல்லுல போய் உக்காரோணும், உக்காரோணும்னா ரெண்டும் ஒரே வேகத்துல சுத்தோணும். ஓடுற பஸ்ஸுல ஏறோணும்னா நாலு எட்டு கூடவே ஓடி அப்புறம் படியில கால வைப்போம் பாருங்க, அந்தக் கூட ஓடுற வேலைதான் சிங்க்ரோ ரிங்கோடது. ரிங்குக்கு உள்பக்கம் கூம்பா இருக்கும், அது கியரோட கூம்பைப் புடிச்சு உரசி வேகத்தை சமமாக்கும், சமமாகுற வரைக்கும் ஸ்லீவை உள்ள விடாம மறிச்சு நிக்கும். அதனால லீவர்ல ஒரு எதிர்ப்பு தெரியறது கோளாறு இல்ல, ரிங்கு வேலை செய்யுதுன்னு அர்த்தம். கரகரன்னு சத்தம் வந்தாத்தான் ரிங்கு தோத்துப்போச்சு.

தோக்கறதுக்குப் பொதுவா ரெண்டு வழி. ரிங்குக்குப் புடி பத்தலை, இது எண்ணெய்னாலயும் வரும் தேஞ்சுபோனாலும் வரும். இன்னொண்ணு, கிளச்சு முழுசா விடலை. கிளச்சு ஒட்டிக்கிட்டே இருந்தா எஞ்சின் இன்புட் ஷாஃப்டை, அதாவது பாக்ஸுக்குள்ள போற தண்டை, இழுத்துக்கிட்டே இருக்கும், அந்தச் சின்ன ரிங்கு எஞ்சினோட மல்லுக்கட்டோணும், எங்கிருந்து செயிக்கும்.

அதனால முதல்ல இதப் பாருங்க. எஞ்சின் ஆஃப்ல, கிளச்சை மிதிச்சு எல்லா கியரும் போட்டுப் பாருங்க, குளிர்லயும் சூட்டுலயும். அப்புறம் நல்லா சூடானதும் எஞ்சின் ஐடில்ல, நியூட்ரல்ல கிளச்சை அடி வரைக்கும் மிதிச்சு அஞ்சு செகண்டு பொறுத்து ரிவர்ஸ் போடுங்க. நிறைய பாக்ஸுல ரிவர்ஸுக்கு சிங்க்ரோவே கிடையாது, கிளச்சு முழுசா விட்டிருந்தா அந்த அஞ்சு செகண்டுல ஷாஃப்டு தானா நின்னுரும், சத்தம் வராது. சத்தம் வந்தா ஷாஃப்டு இன்னும் சுத்துது, கிளச்சு இழுக்குது. கடைசியா ஆளில்லாத சமமான இடத்துல 1ல போட்டு கிளச்சை மிதிச்சபடியே ஆக்சிலேட்டரை லேசாக் குடுங்க, கால் பிரேக்குக்குத் தயாரா இருக்கட்டும், கார் நகருதான்னு பாருங்க. பாத்துட்டு எழுதுங்க தம்பி.

பஸ்_விசிறி:
ஐயா சூப்பர் விளக்கம், இத்தனை வருஷமா ஓட்டுறேன் கியர் பல்லுதான் நகருதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்

டவுன்ஷிஃப்ட்_தங்கம்:
ஒரு கிளைக்கேள்வி, உங்க டேஷ்போர்டுல 1ல இருந்து 4ன்னு ஏதாவது லைட் எரியுதா? கேக்குறது ஏன்னா கமாரோ எஸ்எஸ், கார்வெட் மாதிரி வண்டிங்கள்ல ஸ்கிப் ஷிஃப்ட்னு ஒரு கூத்து உண்டு, மைலேஜ் டெஸ்ட்டுக்காக 1989 கார்வெட்ல இருந்தே இருக்கு. எஞ்சின் சூடா இருந்து, நீங்க ரொம்ப மெதுவா ஆக்சிலேட்டர் குடுத்து, மணிக்கு சுமார் 25, 30 கிலோமீட்டர்ல 1ல இருந்து 2 போட்டா ஒரு சோலனாய்டு, அதாவது கரண்ட்ல வேலை செய்யுற பூட்டு, வழிய மறிச்சு நேரா 4க்குத் தள்ளி விட்டுடும். புதுசா வாங்குன என் ஃப்ரெண்டு ஒருத்தன் கியர்பாக்ஸ் போச்சுன்னு டோ வண்டிய கூப்புட்டான். கொஞ்சம் நல்லா மிதிச்சா மறிக்காது.

ஸ்காபரோ_கூப்பே:
@டவுன்ஷிஃப்ட்_தங்கம் லைற் ஒண்டும் எரியேல்லை, எனக்கு குளிரிலதான் 2 பிரச்சினை, அதால உது இல்லை எண்டு நினைக்கிறன்.

ஐயா, நீங்கள் சொன்னதெல்லாம் செய்து பாத்திட்டன். ஃப்ளோர் மேட்டைக் கழட்டி எறிஞ்சுபோட்டுத்தான் பாத்தனான், வித்தியாசம் இல்லை. எஞ்சின் ஓஃப்பில ஆறு கியரும் ரிவர்சும் குளிரிலயும் சூட்டிலயும் விழுகுது, காலமை கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். சூடான பிறகு எஞ்சின் ஓடேக்க ரிவர்ஸ் போட்டால் கிர்ர் எண்டு கேக்குது, பொறுத்துப் போட்டாலும் கேக்குது. பெடலை வேகமா ரெண்டு தரம் மிதிச்சிட்டுப் போட்டால் சத்தமில்லாமல் போகுது. குளிரில உந்தச் சத்தம் இல்லை. 1இல போட்டு எஞ்சினை ஏத்தினால், சூட்டில மட்டும், கார் மெல்ல மெல்ல முன்னுக்குப் போகுது, மனிசி பக்கத்தில இருந்து "ஏன் கார் தன்ர பாட்டில போகுது" எண்டு கேட்டவ.

கியர்பாக்ஸ்_ஐயா:
அப்ப பாதி வேலை முடிஞ்சுதுங்க. சூட்டுல மட்டும் கிளச்சு இழுக்குது, பெடலை பம்ப் பண்ணினா சரியாகுது. அது கியர்பாக்ஸ் இல்ல, கிளச்சோட ஹைட்ராலிக், பெடல் அழுத்தத்தை எண்ணெய் வழியா கிளச்சுக்குக் கொண்டு போற லைன். லைன்ல காத்து இருக்கோணும், இல்லாட்டி பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரோ கிளச்சு பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரோ சீல் கசியோணும். எண்ணெய அமுக்க முடியாது, காத்த அமுக்கலாம், பெடல் அடிக்குப் போனாலும் அந்தப் பக்கம் முழு தூரம் தள்ளாது. சூடாக சூடாக அந்தக் காத்து இன்னும் விரியும். உங்க வண்டில எக்சாஸ்ட்டு கிளச்சு லைனுக்குப் பக்கத்துல போகுதான்னு பாருங்க, நெரிசல்ல ஊர்ந்து வந்தப்பறம் மோசமாகறதுக்கு அது போதும்.

2ல இருந்து 3 விழாததும் இதோட தம்பியா இருக்கலாம். 7,000ல கிளச்சு கொஞ்சம் இழுத்தாக்கூட ரிங்கு பாடு திண்டாட்டம். ஆனா அதுதான்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன், முதல்ல ஹைட்ராலிக்கை சரி பண்ணிட்டு அப்புறமும் கரகரத்தா 3ம் கியர் சிங்க்ரோவை சந்தேகப்படுங்க. ஏற்கெனவே கரகரத்துக் கரகரத்து ரிங்கும் கொஞ்சம் அடி வாங்கியிருக்கும், அதனால சரியாகற வரைக்கும் அந்த 6,500 விளையாட்டை நிறுத்துங்க.

எட்மன்டன்_எறும்பு:
குளிர் பக்கம் நான் சொல்றேன், எங்க ஊர்ல மைனஸ் 30ல வண்டி எடுக்குறவன் நான். அந்த 2ம் கியர் விஷயம் பெரும்பாலும் ஆயில்தான். ரிங் கூம்பு புடிக்கணும்னா நடுவுல இருக்குற ஆயில் படலம் வழிச்சு வெளிய போகணும், குளிர்ல ஆயில் கெட்டியா இருந்தா அது போக நேரமாகும், அதுவரைக்கும் பிடி இல்ல. 2ம் கியர்லயே ஏன் முதல்ல தெரியுதுன்னா 1க்கும் 2க்கும் நடுவுலதான் ரேஷியோ வித்தியாசம் அதிகம், அந்த ரிங்குக்குத்தான் மத்த எல்லாத்தையும் விட வேலை ஜாஸ்தி.

இது புதுசும் இல்ல. 2011 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடிக்கு எம்டி82ன்னு ஆறு கியர் பாக்ஸ் வந்துச்சு, கெட்ராக் கம்பெனியோடது. வாங்குனவங்க போட்ட புகார் எல்லாம் கிட்டத்தட்ட உங்க லிஸ்ட்டுதான், குளிர்ல 1ல இருந்து 2 இறுக்கம், ஃபுல் ஆர்பிஎம்ல 2ல இருந்து 3 பூட்டிக்கறது. அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு என்ஹெச்டிஎஸ்ஏ 2011லயே விசாரிக்க ஆரம்பிச்சுது. குளிர் பிரச்சனைக்கு ஃபோர்டு சர்வீஸ் புல்லட்டின்ல சொன்ன வைத்தியம் பாக்ஸ மாத்துறது இல்ல, உள்ள இருந்த ஆயில வடிச்சுட்டு டூயல் கிளச் பாக்ஸுக்குன்னு செஞ்ச சிந்தெடிக் ஆயில ஊத்துறது, அவ்வளவுதான். கம்பெனியே ஆயில் மாத்த சொல்லிச்சுன்னா "எல்லா வண்டியும் இப்படித்தான்"ங்கறது எவ்வளவு தூரம் பதில்னு நீங்களே யோசிங்க.

இன்னொண்ணு, டேஷ்போர்டுல கூலன்ட் முள்ளு நடுவுக்கு வந்துடுச்சுன்னா பாக்ஸும் சூடாயிடுச்சுன்னு நினைக்காதீங்க, பாக்ஸ் அதுக்கு ரொம்ப பின்னாடிதான் சூடாகும். ஸ்டார்ட் பண்ணதும் நியூட்ரல்ல போட்டு கிளச்ச விட்டுடுங்க, கிளச் மேல கால் இல்லாம இருந்தா இன்புட் ஷாஃப்டும் அதோட கோத்த லே ஷாஃப்டும் சுத்தி ஆயில கலக்கும். நீங்க கண்ணாடில ஐஸ் சுரண்டுற நேரம் அதுக்கு சரியா இருக்கும்.

நட்டு_போல்ட்டு:
எம்டி82 சீனாவுல செஞ்சது, நான்சாங் ஃபேக்டரி, அதான் காரணம். ஜப்பான் பாக்ஸா இருந்தா இந்தக் கதையே வந்திருக்காது

எட்மன்டன்_எறும்பு:
@நட்டு_போல்ட்டு ஃபேக்டரி எங்க இருக்குங்கறது ஒரு காரணமே இல்ல. 2003 மாடல் நிசான் 350இசட்ட பாருங்க, ஜப்பான் பாக்ஸ்தான், ஆரம்ப வண்டிங்கள்ல சிங்க்ரோ அப்படி கரகரத்துச்சு, மாத்தி மாத்தி கடைசியா சிடி009ன்னு ஒரு பாக்ஸ் வந்தப்புறம்தான் அடங்குச்சு. இன்னைக்கு அதே சிடி009ஐ தேடித் தேடி வாங்கி வேற வண்டிங்கள்ல மாட்டுறாங்க, அவ்வளவு நல்ல பாக்ஸ். 2006ல இருந்து 2008 வரைக்கும் வந்த சிவிக் எஸ்ஐல 3ம் கியர் கரகரப்பு ஊருக்கே தெரியும். எல்லாம் டிசைன், ஆயில், டாலரன்ஸ் சமாச்சாரம்.

ரெட்லைன்_ராசா:
எம்டி82ல இன்னொரு விஷயமும் ஓனர்ஸ் கண்டுபிடிச்சாங்க, ஷிஃப்டரோட பின்பக்கம் ரப்பர் புஷ் வழியா பாடில மாட்டியிருக்கும், பாக்ஸ் எஞ்சினோட சேந்து ஆடும். ஃபுல் பவர்ல எஞ்சின் முறுக்கும்போது பாக்ஸ் ஒரு பக்கம், லீவர் ஒரு பக்கம், நீங்க 3னு நினைச்சு தள்ளுற இடத்துல 3 இருக்காது. அதுக்குன்னே ப்ராக்கெட் வித்தாங்க, நிறைய பேரு அதுல சரியாச்சுன்னு சொன்னாங்க. 2018 ஜிடில டூயல் மாஸ் ஃப்ளைவீல், ட்வின் டிஸ்க் கிளச்சுன்னு ஃபோர்டு நிறைய மாத்திடுச்சு. மாக் 1, டார்க் ஹார்ஸ் மஸ்டாங்குக்கு எல்லாம் வேற பாக்ஸ், ட்ரெமெக் 3160. உங்களுக்கு 3 போகும்போது கரகரக்குதா, இல்ல கேட்டையே, அதாவது லீவர் 3க்குள்ள போற வழியவே, கண்டுபிடிக்க முடியலையா? ரெண்டும் வேற. கரகரத்தா சிங்க்ரோ அல்லது கிளச். சத்தமே இல்லாம முட்டி நின்னா லிங்கேஜ், மவுண்ட்டு, இல்ல நீங்க லீவரை பக்கவாட்டுல இழுக்குறது.

ஆட்டோகிராஸ்_அழகன்:
ராசா சொன்ன கடைசிப் பாயிண்ட் ரொம்ப முக்கியம், எல்லாரும் 2ல இருந்து 3 போடும்போது லீவரை இறுக்கிப் புடிச்சு வலதுபக்கம் தள்ளுறாங்க, ஸ்பிரிங் தானா நடுவுக்குக் கொண்டு வந்துடும், உள்ளங்கைய திறந்து நேரா முன்னாடி தள்ளுனா போதும். இறுக்கிப் புடிச்சா ஒரு நாள் 5க்குப் போகும், அது பரவால்ல, 4 போடும்போது 2க்குப் போச்சுன்னா எஞ்சின் போச்சு. அதோட லீவர் மேலயே கைய வச்சுக்கிட்டு ஓட்டாதீங்க, உள்ள ஸ்லீவ நகர்த்துற ஷிஃப்ட் ஃபோர்க் தேவையில்லாம ஸ்லீவ் மேல அழுத்திக்கிட்டே இருக்கும்.

அப்புறம் ரெவ் ஹேங். இப்ப வர்ற நிறைய வண்டிங்கள்ல புகைக் கட்டுப்பாட்டுக்காக நீங்க காலை எடுத்தாலும் த்ராட்டில் உடனே மூடாது, ஆர்பிஎம் மேலயே கொஞ்ச நேரம் தொங்கும். கியர் ஒழுங்காத்தான் விழும், கிளச்ச விடும்போது குலுக்கும். அத கியர்பாக்ஸ் கோளாறுன்னு நினைச்சு டீலர்கிட்ட போனவங்க நிறைய. பழைய பிஎம்டபிள்யூ மனுவல்ல கிளச் லைன்லயே ஆயில் போற வேகத்த குறைக்க ஒரு குட்டி வால்வு வச்சிருப்பாங்க, கிளச் டிலே வால்வுன்னு, எவ்வளவு வேகமா காலை எடுத்தாலும் கிளச் மெதுவாத்தான் பிடிக்கும், அத கழட்டிப் போடுறதே அந்த ஓனர்ஸோட முதல் வேலை. உங்க பிரச்சனை இது ரெண்டும் இல்ல, சும்மா தெரிஞ்சு வச்சுக்கோங்க, டீலர் குழப்புனா உதவும்.

நட்டு_போல்ட்டு:
எதுக்கு இவ்ளோ பேச்சு, வடிச்சுட்டு நல்ல 75டபிள்யூ-90 ஜிஎல்-5 சிந்தெடிக் கியர் ஆயில் ஊத்துங்க, டீலரும் வேணாம் ஒண்ணும் வேணாம். பின்னாடி டிஃபரன்ஷியலுக்கு ஊத்துறதே போதும்

கியர்பாக்ஸ்_ஐயா:
அந்த வேலை மட்டும் செஞ்சுறாதீங்க தம்பி. டிஃபரன்ஷியல்ல பல்லுக்குப் பல்லு வழுக்கி அழுத்தற வேலை, அதுக்குன்னு ஜிஎல்-5ல கந்தகம், பாஸ்பரஸ் சேத்த மருந்து ஜாஸ்தி, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்குன்னு வர்றதுல வழுக்கறதுக்கு இன்னொரு மருந்தும் சேத்திருப்பாங்க. வழுக்காம புடிக்கறதுதான் சிங்க்ரோவோட பொழப்பே, அதுல போய் வழுக்கறத ஊத்துவீங்களா? சில ஜிஎல்-5 பித்தளை ரிங்கை அரிக்கவும் செய்யும். பாக்ஸுக்கு மேனுவல் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ அது, அவ்வளவுதான். சில பாக்ஸுக்கு கம்பெனியே ஜிஎல்-5 எழுதியிருக்கும், அங்க அதுதான் சரி, ரிங்கையும் அதுக்குத் தக்கன செஞ்சிருப்பாங்க. நம்ம மூளைய அங்க காட்டக் கூடாது.

நட்டு_போல்ட்டு:
நான் என் வண்டில ஊத்தி வருஷக்கணக்கா ஓட்டிக்கிட்டு இருக்கேன் ஒண்ணும் ஆகல

கியர்பாக்ஸ்_ஐயா:
சந்தோசமுங்க

வாரண்டி_வாத்தி:
ஆயில் சண்டைக்கு நடுவுல ஒண்ணு சொல்லிக்கறேன். ஸ்காபரோ அண்ணா, வாரண்டி ஓடுற வண்டில நீங்களா எதையும் மாத்தாதீங்க, ஆயிலும் சரி, ஷார்ட் ஷிஃப்டரும் சரி. நாளைக்கு பாக்ஸ் மாத்தணும்னு வந்தா முதல்ல அதைத்தான் காட்டுவாங்க. உங்களுக்கு வேண்டியது பேப்பர். ஒவ்வொரு தடவை வண்டிய விடும்போதும் வொர்க் ஆர்டர்ல நீங்க சொன்ன வார்த்தைய அப்படியே எழுத வைங்க, "கஸ்டமர் ஷிஃப்டிங் பிடிக்கலைன்னு சொல்றார்"னு எழுதுனா கையெழுத்துப் போடாதீங்க. "அரை மணி நேரம் நெரிசல்ல ஓட்டின பிறகு, எஞ்சின் ஐடில்ல, ரிவர்ஸ் கியர் கரகரக்கிறது, பெடலை இரண்டு முறை மிதித்தால் நிற்கிறது"ன்னு எழுதுனா ஒரு டெக்னீஷியன் அதை செஞ்சு பாத்தே ஆகணும். அட்வைசர் வேண்டாம், டெக்னீஷியன பக்கத்துல உக்கார வச்சு நீங்களே ஓட்டிக் காட்டுங்க, வண்டி சூடா இருக்கும்போதே போய் சேருற மாதிரி அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க. காலைல விட்டுட்டு வந்துட்டா ஆறிப்போன வண்டியத்தான் அவங்க ஓட்டிப் பாப்பாங்க, அப்புறம் கோளாறு இல்லைன்னு ஃபோன் வரும்.

கிளச் ப்ளேட் தேய்மானப் பொருள்னு சொல்லி கைவிரிப்பாங்க, ஆனா ஹைட்ராலிக் சிலிண்டர் தேய்மானப் பொருள் இல்ல, அந்த வித்தியாசத்த விட்டுக் குடுக்காதீங்க. எஞ்சின் கம்ப்யூட்டர்ல ஓவர் ரெவ் பதிவாகியிருக்கும், தப்பான கியர் போட்டு லிமிட்டருக்கு மேல போயிருந்தா அதுல தெரியும். இல்லைன்னா அது உங்களுக்குத்தான் சாதகம், நீங்களே பாக்கச் சொல்லுங்க.

ஒன்டாரியோல அமெரிக்கா மாதிரி லெமன் சட்டம், அதாவது திரும்பத் திரும்ப கோளாறாகுற புது வண்டிக்கான சட்டம், இல்ல. காம்வாப்னு ஒரு மத்தியஸ்தம் இருக்கு, கனடா முழுக்க, உங்களுக்கு செலவில்ல, வக்கீல் தேவையில்ல, தீர்ப்பு ரெண்டு பக்கத்தையும் கட்டும். எல்லா கம்பெனியும் அதுல சேரல, உங்க கம்பெனி இருக்கான்னு பாத்துக்கோங்க. முதல்ல டீலருக்கும் கம்பெனிக்கும் சரி பண்ண வாய்ப்பு குடுத்திருக்கணும், அதுக்கும் அந்த பேப்பர்தான் சாட்சி. க்யூபெக்ல 2023ல சட்டமே கொண்டு வந்துட்டாங்க, நமக்குத்தான் இன்னும் விடியல.

ஸ்காபரோ_கூப்பே:
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீனம் எண்டு நினைக்கேல்லை. @ராசா கேட் பிழைக்கேல்லை, கரகரத்துத்தான் நிக்குது. வாத்தி சொன்ன மாதிரி தாளில அச்சடிச்சுக்கொண்டு போகப்போறன், பின்னேரம் வேலை முடிஞ்சு 401ஆல வந்து நேர அங்க இறங்கிற மாதிரி நேரம் எடுத்திருக்கிறன். வேற டீலர், மார்க்கம் பக்கம்.

பனிப்புயல்_பாமா:
ஃபாலோ பண்றேன். எனக்கும் புது வண்டி, குளிர்ல 2 மட்டும் இறுக்கம், கரகரப்பு இல்ல. ஐயா, அதுக்கு ஏதாவது பண்ணணுமா இல்ல பழகிக்கணுமா?

கியர்பாக்ஸ்_ஐயா:
பழகிக்கலாமுங்க அம்மணி. கரகரக்காத வரைக்கும் பயமில்ல. லீவரை ரிங்கு விடற வரைக்கும் லேசா அழுத்திப் புடிச்சிருங்க, குத்தாதீங்க, தானா விழும். இல்லாட்டி டபுள் கிளச்சு போடுங்க: கிளச்சை மிதிச்சு நியூட்ரல், கிளச்சை விட்டு ஒரு நொடி, திரும்ப மிதிச்சு 2. நடுவுல விட்ட அந்த நொடில ஷாஃப்டு எஞ்சினோட சேந்து வேகம் இறங்கிரும், ரிங்குக்கு வேலை கம்மி. பழைய லாரில சிங்க்ரோவே இல்லாம அப்படித்தான் ஓட்டினோம். 1928ல காடிலாக்குல சிங்க்ரோ வர்றதுக்கு முன்னாடி கார்க்காரங்களுக்கும் அதே கதிதான்.

ஸ்காபரோ_கூப்பே:
சரி, புதினம் சொல்லுறன். மார்க்கம் டீலரிட்ட ஒரு வயசான டெக்னீஷியன், போர்த்துக்கீசர் எண்டு நினைக்கிறன், தானே பக்கத்தில ஏறி இருந்தார். லைற்றில ரிவர்ஸ் போட்டுக் காட்டினன், கிர்ர் எண்டதும் "நிப்பாட்டு, விளங்கீட்டுது" எண்டார். ப்ளீட் பண்ணேக்க, எண்டா லைனில இருக்கிறதை வெளியால விடேக்க, காத்து வந்ததாம், ஆனா ரெண்டு நாளால பெடல் திரும்ப மென்மையாப் போட்டுது. அதால பொக்ஸை இறக்கிப் பாத்தவை. ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்குள்ள (எஞ்சினுக்கும் பொக்ஸுக்கும் நடுவில கிளச்சை மூடியிருக்கிற கூடு), ஷாஃப்டைச் சுத்தி இருக்கிற வகை, அதின்ர சீலால கசிஞ்சு உள்ளுக்கெல்லாம் ஈரம். அதையும் லைனையும் புதுசாப் போட்டு, கிளச் தட்டில எண்ணெய் பட்டதால தட்டையும் வாரண்டியிலயே மாத்தித் தந்தவை, வாத்தி சொன்ன வரியை நான் அப்பிடியே சொன்னனான்.

இப்ப லைற்றில 1 சுகமா விழுகுது. ரிவர்ஸ் சத்தம் இல்லை. கார் தன்ர பாட்டில நகர்றதும் நிண்டிட்டுது. ஆனா 2இல இருந்து 3, மேல ஏத்திப் போட்டால், முந்தியிலும் பாக்கக் குறைவு எண்டாலும், சூட்டில இன்னும் சில நேரம் கரகரக்குது. 5,000இல ஒண்டும் இல்லை. குளிரில 2 முந்தினமாதிரித்தான், ஆனா பாமாக்குச் சொன்ன டபுள் கிளச் போட்டால் சத்தமில்லாமல் போகுது.

ரெட்லைன்_ராசா:
சூப்பர் ப்ரோ. மூணுல ஒண்ணு முழுசா போச்சு, ஒண்ணு பாதி போச்சு. அந்த 3 விஷயத்த விடாதீங்க, இப்ப கிளச் நல்லா இருக்குன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க இல்ல, இனிமே கரகரத்தா கிளச் மேல பழி போட முடியாது.

கியர்பாக்ஸ்_ஐயா:
ராசா சொல்றது சரி. கிளச்சு இழுத்த காலத்துல ரிங்கு அடி வாங்கிருச்சு, இல்ல ஆரம்பத்துல இருந்தே அந்த ரிங்கு சரியில்ல, ரெண்டுல எதுன்னாலும் இனி 3ம் கியர் ரிங்கும் ஸ்லீவும்தான். இப்பெல்லாம் டீலருக பாக்ஸைப் பிரிக்கறதில்ல, முழு பாக்ஸையும் மாத்தீருவாங்க. வடிச்ச எண்ணெய ஒரு வெள்ளைத் துணில ஊத்திக் காட்டச் சொல்லுங்க, பித்தளை ரிங்கா இருந்தா மஞ்சளா மினுமினுன்னு தூள் தெரியும், அத போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

ஸ்காபரோ_கூப்பே:
கேட்டனான் ஐயா, எண்ணெயில மினுங்கல் இருந்தது, படம் எடுத்து கொம்பனிக்கும் அனுப்பியாச்சு. அவையின்ர ஆள் ஒருத்தர் வந்து ஓடிப் பாத்து, முழு பொக்ஸும் மாத்த ஓம் எண்டிட்டார். பொக்ஸ் இங்க இல்லை, வர மாசக்கணக்கு ஆகுமாம். அதுவரைக்கும் ஓடலாம், மேல ஏத்தாதேங்கோ எண்டவர். ஸ்போர்ட்ஸ் கார் எடுத்து 5,000இல கியர் மாத்துறன், பரவாயில்லை, பெற்றோல் மிச்சம்.

வாரண்டி_வாத்தி:
"மாத்துறோம்"ங்கறத ஈமெயில்ல வாங்கிட்டீங்களா? வாய்ப்பேச்சா இருந்தா இன்னைக்கே வாங்குங்க, வாரண்டி தேதி முடிஞ்சப்புறம் பாக்ஸ் வந்தா யார் யாருக்கு என்ன சொன்னாங்கன்னு தேடணும்.

ஸ்காபரோ_கூப்பே:
ஓம், ஈமெயிலில இருக்கு, கேஸ் நம்பரோட.

கியர்பாக்ஸ்_ஐயா:
பாக்ஸ் வந்து மாட்டும்போது எண்ணெய் அளவை ஃபில்லர் ஓட்டை வரைக்கும் ரொப்பினாங்களான்னு கேளுங்க, புதுப் பாக்ஸு எண்ணெய் இல்லாமயே வர்றதும் உண்டு, ஊத்தியாச்சுன்னு நெனச்சு அப்படியே ஓட்டினவங்களைப் பாத்திருக்கேன். முதல் 1,500 கிலோமீட்டருக்கு அவசரப்பட்டு கியர் குத்தாதீங்க.

மிசிசாகா_மணி:
ஐயா எனக்கு பத்து வருஷ பழைய வண்டி, 5ம் கியர் மட்டும் ஓடும்போது தானா வெளிய குதிச்சுடுது, இதுவும் கிளச்சா?

ரெட்லைன்_ராசா:
மணி, அது கிளச் இல்ல. புது இழை போடுங்க ப்ரோ, வண்டி மாடலோட, ஐயா வந்து பாப்பாரு.